ஆதி சைக்கிள் எங்கே ஓட்டுவான்?

குழு: மேலவீட்டுச் சொந்தங்கள்

வித்யா லெஸ்டர்: எல்லாருக்கும் வணக்கம். டிக்கெட் போட்டாச்சு. 22ஆம் தேதி காலையில் மதுரையில் இறங்குகிறோம். ஆதிக்கு அங்கே ஒரு சைக்கிள் கிடைக்குமா? இங்கே இங்கிலாந்தில் ஏரியைச் சுற்றி ஓட்டிப் பழகிவிட்டான். லீவு முழுக்கப் போனும் கையுமாக உட்கார்ந்திருக்க விட எனக்கு மனசு வரவில்லை.

செல்வி: வா ஆத்தா வா 😍

மீனா: காதுகுத்து 28 ஞாயிறு. மறந்துவிடாதே. புடவை எடுத்தாச்சு.

செல்வி: சைக்கிள் மட்டும் வேண்டாம். போன வாரம் நம்ம தெருமுனையில் பால் வாங்கப் போன பையனை வேன் தட்டிவிட்டுப் போய்விட்டது. கையில் மாவுக்கட்டு.

வித்யா லெஸ்டர்: அதனால்தான் அம்மா, வண்டியே வராத இடமாகக் கேட்கிறேன்.

ராஜா பாம்பன்: தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போறேன். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் அரிச்சல்முனை வரை நேர் ரோடு. ரெண்டு பக்கமும் கடல்.

கார்த்தி: அப்பா, டிசம்பர் லீவில் அங்கே வேன் வரிசை பார்த்திருக்கீங்களா?

ராஜா பாம்பன்: விடியக்காலையில் போனால்?

சண்முகம் வாத்தியார்: ராஜா, அந்த ரோடு 2017இல் திறந்ததிலிருந்தே சுற்றுலா வண்டிகளுக்கானதாகிவிட்டது. விடியற்காலையில் போனாலும் வாடைக்காற்று விடாது. பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் ஒன்பது வயதுப் பிள்ளை ஹேண்டில்பாரை நேராகப் பிடிக்க முடியுமா? மணலும் ரோட்டில் ஏறிக் கிடக்கும். வித்யா சொல்கிற ஏரியை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் பார்த்தேன். ரட்லண்ட் வாட்டர். குவாஷ் என்ற சிற்றாற்றை மறித்து 1970களில் கட்டிய குடிநீர்த் தேக்கம். சுற்றிவரச் சைக்கிள் பாதை சுமார் 37 கிலோமீட்டர். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹாம்பிள்டன் மேட்டை விட்டுவிட்டால் 27. பெரும்பகுதியில் கார் வராது. வழியில் செம்மறி மேயும் இடங்களில் கேட்டைத் திறந்து போய், நாமே திரும்பச் சாத்த வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையும் எழுபது வயது அம்மாவும் ஒரே பாதையில் போகிறார்கள். பின்னால் ஹாரன் அடிக்க ஆள் இல்லை. நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கிலோமீட்டராவது வேண்டும்.

மீனா: மூத்தார் சொன்னால் சரிதான். தாய்மாமன் வர்றது உறுதியா கார்த்தி?

கார்த்தி: வந்துவிடுவான்மா.

சண்முகம் வாத்தியார்: இன்னொன்று சொல்ல விட்டுவிட்டது. அந்த ஏரிக்கரையில் நார்மன்டன் என்று ஒரு பழைய மாதா கோயில் பார்த்தேன். தண்ணீர் ஏறினால் கீழ்ப்பாதி மூழ்கிவிடும் என்று தெரிந்து, உள்ளே ஜன்னல் உயரத்துக்குக் கல்லைக் கொட்டித் தரையை உயர்த்தி, சுற்றிலும் கரை கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். நெதர் ஹாம்பிள்டன் என்ற சிற்றூர் தண்ணீருக்குள் போய்விட்டது. எனக்கு அங்கே நின்றபோது தனுஷ்கோடிக் கோயில் சுவர்தான் கண்ணுக்குள் வந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி நமக்கு யாரும் முன்கூட்டிக் கல் கொட்டி வைக்கவில்லை.

செல்வி: அப்பா அன்றைக்கு மண்டபத்தில் மாட்டிக்கொண்டாங்க. தண்ணி வடிந்ததும் அந்த ராலே சைக்கிளில்தான் வீடு வந்து சேர்ந்தாங்க.

சண்முகம் வாத்தியார்: அந்த சைக்கிள் இப்போது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

ராஜா பாம்பன்: என்னிடம் இருக்கு. அப்பாவே கொடுத்தது.

செல்வி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: என்ன போட்டு அழிச்சீங்க அண்ணி?

செல்வி: ஒண்ணுமில்ல.

கார்த்தி: அந்த சைக்கிளில் ஆதிக்குக் கால் எட்டாது. அரைப்பெடல்தான் 😀

வித்யா லெஸ்டர்: அரைப்பெடல் அவனுக்குத் தெரியாதே. கற்றுக்கொடுங்கள்! பெரிய மாமா, சக்கரக்கோட்டைக் கண்மாய் எப்படி? பறவைப் படமெல்லாம் பார்த்தேன்.

சண்முகம் வாத்தியார்: அங்கே வேண்டாம் மருமகளே. கோபித்துக்கொள்ளாதே. அது சரணாலயம். தேர்த்தங்கல் சரணாலயத்தோடு சேர்த்து 2025இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் வந்துவிட்டது. மழைக்குப் பிறகு இந்த மாதங்களில்தான் கருவேல மரங்களில் நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டும். பத்துப் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அது திரும்பி வருவதற்குள் காக்கை முட்டையைக் கொத்திவிடும். உன் ஏரியிலேயே பார், மேற்குக் கோடியைப் பறவைக்கென்று விட்டிருக்கிறார்கள். பாதை அங்கே தண்ணீரை விட்டு விலகித்தான் போகிறது. விராலடிப்பான் என்ற மீன் பிடிக்கும் பருந்து இங்கிலாந்தில் இல்லாமலே போய், 1996இல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சு கொண்டுவந்து அங்கே விட்டார்கள். 2001இல் அது அங்கேயே குஞ்சு பொரித்தது. சைக்கிளும் ஓடுகிறது, பறவையும் இருக்கிறது. இடத்தைப் பிரித்து வைத்ததால் வந்தது அது.

ராஜா பாம்பன்: 👍

கார்த்தி: நம்ம ஊர்க் கண்மாய்க்கரை? காலையில் பைக்கை மடைக்கிட்ட நிறுத்திவிட்டு நடந்து பார்த்தேன். மேலமடையிலிருந்து, மிஞ்சின தண்ணி வழியுற கலுங்கு வரை கரை நல்ல அகலம். ஒரு இடத்தில் மட்டும் மழைக்கு அரித்திருக்கு, மண் போட்டால் போதும். பிரச்சினை கருவமுள்தான். என் செருப்பில் ஏறியதைப் பிடுங்கினால் கட்டைவிரல் நீளம். சைக்கிள் டியூப் என்ன ஆகும்!

வித்யா லெஸ்டர்: சுற்றி வர முடியுமா கார்த்தி?

கார்த்தி: இல்ல மதினி. கலுங்கில் தண்ணி போகுது.

சண்முகம் வாத்தியார்: கலுங்கு மட்டும் காரணமில்லை. நம் சீமை மேற்கே மேடு, கிழக்கே கடல். இறங்கி வருகிற தண்ணீருக்குக் குறுக்கே பிறை மாதிரி ஒரு கரை போட்டால் அதுதான் கண்மாய். உள்வாய்ப் பக்கம் கரையே கிடையாது, தண்ணீர் வற்ற வற்ற அந்த நிலம் வெளியே வரும். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய், ‘நாரை பறக்காத 48 மடை’ என்று பேர் வாங்கியது, அதுவும் இப்படித்தான். ஆகவே நம் ஊரில் போய்த் திரும்பி வரலாம், வட்டம் அடிக்க முடியாது. அது போதும். கரையின் ரெண்டு முனையிலும் கல் நட்டு, டிராக்டர் ஏறாமல் செய்ய வேண்டும். ஜனவரி 26 கிராமசபையில் நான் மனு கொடுக்கிறேன். எல்லாரும் கையெழுத்துப் போடணும்.

ராஜா பாம்பன்: அண்ணே, டிராக்டர் ஏறாவிட்டால் அந்தப் பக்கத்து வயலுக்கு உரம் எப்படிப் போகும்? கரை உடைந்தால் மண் எப்படி வரும்?

சண்முகம் வாத்தியார்: நியாயமான கேள்வி. அறுப்பு நாளிலும் மராமத்துக்கும் கல்லை எடுத்துவிடலாம். மற்ற நாளில் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

ராஜா பாம்பன்: எடுக்கிற கல்லைத் திரும்ப யார் வைப்பது?

செல்வி: அதெல்லாம் அப்புறம். கண்மாய் நிறைஞ்சு கிடக்கு. பிள்ளை உருண்டு விழுந்தால்?

வித்யா லெஸ்டர்: நீச்சல் தெரியும் அம்மா.

செல்வி: இது நீச்சல் குளம் இல்ல. கரையோரம் முழங்கால் சேறு. நீ சின்ன வயசில் மாட்டினது மறந்துட்டியா? ராஜாதான் தூக்கினான்.

ராஜா பாம்பன்: இதையாவது ஞாபகம் வைத்திருக்கியே அக்கா.

சண்முகம் வாத்தியார்: தண்ணீர்ப் பக்கம் நான் நடந்து வருகிறேன். பிள்ளைகள் வயல் பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக. மடைப் படி வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

கார்த்தி: பக்கத்து வீட்டில் சின்ன சைக்கிள் இருக்கு, கேட்டுப் பார்க்கிறேன். சனிக்கிழமை முள் வெட்டலாம். யார் யார் வர்றீங்க?

மீனா: அன்றைக்குப் பத்திரிகை கொடுக்கப் பரமக்குடி போகணும்.

ராஜா பாம்பன்: எனக்கு வலை வேலை இருக்கு. அப்பா சைக்கிளை வேனில் ஏற்றி அனுப்புறேன், அண்ணன் நடக்க வேண்டாம், அதை ஓட்டி வரட்டும். ஆனால் 28 முடிந்ததும் அது பாம்பன் வந்து சேரணும்.

செல்வி: அது நேரில் பேசலாம்.

சண்முகம் வாத்தியார்: குரல் செய்தி (4:12)

கார்த்தி: பெரியப்பா, கேட்டுட்டுச் சொல்றேன். அரிவாள் யார் வீட்டில் இருக்கு?

மீனா: கெடா ரெண்டா மூணா? ஆட்டுக்காரர் போன் மேல போன் போடுறார். யாராவது பதில் சொல்லுங்க.