பாராமகால்: 1792இல் கைமாறியது யாருடைய நிலம்?

சூளகிரிப் பையன்:

போன வாரம் இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார்: "பாராமகால் பாளையக்காரர்களுக்கு நிலத்தில் பரம்பரை உரிமை என்று எதுவும் கிடையாது, வரி வசூலித்துக் கொடுத்தவர்கள்தான் அவர்கள்." பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துச் சீமை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்தவனாக இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1792 மார்ச் 18 அன்று கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பெனி (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி), நிஜாம், மராட்டியர் கூட்டணியிடம் போரில் தோற்ற மைசூர் திப்பு, தன் நாட்டில் பாதியைக் கொடுத்தார். கும்பெனி பங்கில் மலபாரும் திண்டுக்கல்லும் சேலமும் பாராமகாலும் வந்தன. பேசியவர்கள் யார்? கும்பெனிக்கு ஜான் கென்னவே, திப்புவுக்குத் தூதர்களான குலாம் அலி கானும் அலி ரசா கானும், அப்புறம் நிஜாம் தரப்பு, மராட்டியர் தரப்பு. எந்தச் சீமை எவ்வளவு வருமானம் தரும் என்ற கணக்கை நடுவில் வைத்துக்கொண்டு நாட்டைப் பங்கு போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைக் காவல் காத்த குடும்பங்களில் ஒருவரைக் கூட உட்கார வைக்கவில்லை. இதே பேச்சுவார்த்தையில் குடகு ராஜாவுக்காகக் கும்பெனி எவ்வளவு பிடிவாதமாக நின்றது என்று பாருங்கள். குடகைக் கேட்டதும் திப்பு கொதித்தார், சமாதானமே முறியும் நிலை வந்தது, அப்படியும் கும்பெனி இறங்கவில்லை. அந்தப் பிடிவாதத்தில் கால்பங்கு நம் பாளையக்காரர்களுக்குக் காட்டியிருக்கலாமே?

பாலக்கோட்டு விவசாயி:

தம்பி, அதை எழுதியவன் நான்தான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். குடகு ராஜாவோடு கும்பெனி 1790இலேயே ஒப்பந்தம் போட்டிருந்தது. அவர் ஒரு நாட்டின் அரசர். அவரோடு நம்மூர்ப் பாளையக்காரரை ஒப்பிட முடியாது.

நீங்கள் சொல்லும் அதே உடன்படிக்கையில் ஒரு ஷரத்து இருக்கிறது. வரிபாக்கி வைத்துவிட்டு எல்லை தாண்டி ஓடிவரும் ஜமீன்தாருக்கோ அமில்தாருக்கோ எந்தத் தரப்பும் பாதுகாப்புத் தரக் கூடாது, திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஜமீன்தாரையும் சம்பள அதிகாரியான அமில்தாரையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார்கள். திப்புவின் பார்வையிலும் சரி, கும்பெனியின் பார்வையிலும் சரி, இரண்டு பேருமே பணம் கட்ட வேண்டியவர்கள். ஐதரும் திப்புவும் பாளையக்காரர்களில் பெரும்பாலோரை முன்பே ஓரங்கட்டிவிட்டு அமில்தார்களை வைத்து வசூலித்தார்கள். 1792இல் பறிக்க அங்கே என்ன மிச்சம் இருந்தது?

சூளகிரிப் பையன்:

அந்த ஷரத்தைப் படித்த நீங்கள் அதற்கு அடுத்ததையும் படித்திருப்பீர்கள் அண்ணே. போரில் கூட்டணிப் படைக்கு உதவிய பாளையக்காரர்களையும் ஜமீன்தார்களையும் அதற்காகத் திப்பு எந்த விதத்திலும் துன்புறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. வெறும் வசூல்காரனுக்கு ஒரு சர்வதேச உடன்படிக்கையில் தனி ஷரத்து எதற்கு? அவன் பின்னால் ஆட்கள் இருந்தார்கள், கோட்டை இருந்தது, ஊர் அவனை ஏற்றுக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் உரிமை என்கிறேன். திப்பு அதைப் பிடுங்கினார் என்றால் பிடுங்கினவர் தோற்ற பிறகு திருப்பிக் கொடுப்பதுதானே நியாயம்?

ராயக்கோட்டைக்காரன்:

இரண்டு பேரும் உரிமையைப் பற்றியே பேசுகிறீர்கள். எல்லைக் கோடு எங்கே விழுந்தது என்று பாருங்கள். 1791 ஜூலையில் கும்பெனி மேஜர் கௌடியின் படை ராயக்கோட்டையைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பர் 7 இரவு இன்னொரு கும்பெனி அதிகாரி மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கினார். கீழே இருந்த பேட்டை (ஊர்ப்பகுதி) விழுந்தது, மலைக்கோட்டை விழவில்லை, மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகளில் ஆட்களை இழந்து திரும்பினார்கள். சண்டையில் கிடைக்காத அந்தக் கோட்டைதான் நான்கு மாதத்தில் காகிதத்தில் கும்பெனி கைக்கு வந்தது.

மைசூர் மேட்டுக்கு ஏறும் கணவாய் வேண்டும், அதைக் காக்கும் மலைக்கோட்டைகள் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கணவாய் கும்பெனிக்கு, மேலே இருக்கும் ஓசூர்ச் சீமை திப்புவுக்கு. ஏழு வருடம் கழித்து 1799 மார்ச் தொடக்கத்தில் கும்பெனிப் படையோடு ஜெனரல் ஹாரிஸ் இந்த ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூருக்குள் நுழைந்தார். மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. பாளையக்காரர், குடியானவர், யாரையும் மனதில் வைத்து அந்த எல்லைக் கோடு போடப்படவில்லை.

பென்னாகரத்துக்காரி:

ராயக்கோட்டை அண்ணன் சொன்னது சரி. ஆனால் எல்லை விழுந்த பிறகு உள்ளே நடந்ததைப் பேசாமல் விட்டால் இந்த விவாதத்துக்கே பொருள் இல்லை. பாராமகாலுக்கு முதல் கலெக்டராகக் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார், உதவிக்குத் தாமஸ் மன்றோ, கிரகாம், மெக்லியாட். மன்றோ தருமபுரியில்தான் இருந்தார். ஊர் ஊராக வயலை அளந்தார்கள். 1796 டிசம்பரில் ரீட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: குடியானவர் வயலுக்கு வயல் தீர்வை கட்டி வைத்துக்கொள்ளலாம், வேண்டாத வயலை வருடாவருடம் விட்டுவிடலாம். ரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுக்கப் பரவியதற்கு விதை போட்ட இடம் நம்ம ஊர். உழுகிறவரின் பெயர் நேரடியாகச் சர்க்கார் கணக்கில் ஏறியது அப்போதுதான்.

அதை அவர்களே கெடுத்தார்கள். 1802க்குப் பிறகு சாசுவத ஒப்பந்தம் (நிரந்தரத் தீர்வை ஏற்பாடு) என்று கிராமங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து மிட்டா ஆக்கி விற்றார்கள். பணம் இருந்தவர் வாங்கி மிட்டாதார் ஆனார். தீர்வை கட்ட முடியாத மிட்டாக்கள் திரும்ப ஏலத்துக்கு வந்தன. இன்றைக்கு எங்கள் பக்கம் "பரம்பரை நிலம்" என்று பேசும் சில குடும்பங்களின் பரம்பரை, இந்த ஏலத்தில் தொடங்கியது. சூளகிரித் தம்பி கேட்கும் உரிமை உழுதவருக்கும் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

சூளகிரிப் பையன்:

உண்டு அக்கா, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ரீட், மன்றோ காலத்தைப் பொற்காலம் போலச் சொல்வதை ஏற்க மாட்டேன். தீர்வை கனமாக இருந்தது, மழை பொய்த்தாலும் கிஸ்தி (வரித் தவணை) கேட்டார்கள். 1876-78 பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பட்டா கையில் இருந்தவர்களும்தான் செத்தார்கள்.

இன்னொன்று. 1799இல் ஓசூர்ச் சீமை கும்பெனிக்கு வந்தபோது பாகலூர், சூளகிரி, பேரிகைப் பாளையங்களை ஜமீன்களாக அங்கீகரித்தார்கள். கணவாய்க்கு மேலே செல்லுபடியாகும் உரிமை கீழே ஏன் செல்லுபடியாகவில்லை?

பாலக்கோட்டு விவசாயி:

பொற்காலம் என்று யாரும் சொல்லவில்லை தம்பி. மேலே ஏன் அங்கீகரித்தார்கள் என்பதற்கு ராயக்கோட்டைக்காரரே பதில் சொல்லிவிட்டார், சௌகரியம். புதிதாகப் பிடித்த மேட்டுச் சீமையில் படை வைத்துக் காப்பதை விட, உள்ளூர்த் தலைவரிடம் பேஷ்கஷ் (கப்பம்) வாங்கிக்கொள்வது சுலபம். பரம்பரை உரிமையை மதித்துச் செய்தார்கள் என்றால், ரீட் வயலை அளந்தபோது கீழேயும் மதித்திருப்பார்கள். அந்நிய அரசு ஒன்று தன் வசதிக்காகக் கொடுத்த சன்னதை (உரிமைப் பத்திரத்தை) வைத்துக்கொண்டு, அந்த மண் எங்கள் குலத்துக்குச் சொந்தம் என்று இன்று வாதாடுவது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பாட்டன் அதே மண்ணில் விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு உழுதவர்.

சூளகிரிப் பையன்:

சன்னது கும்பெனி கொடுத்தது, பாளையம் கும்பெனிக்கு முன்னால் இருந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது கூட ஜமீன்தார்களுக்கு இழப்பீடு கொடுத்துத்தான் நிலத்தை எடுத்தார்கள். இல்லாத உரிமைக்கு எந்தச் சர்க்கார் இழப்பீடு தரும்?

பென்னாகரத்துக்காரி:

தம்பி, அந்தச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே இரண்டு வேலை இருக்கிறது, எஸ்டேட் ஒழிப்பு ஒன்று, ரயத்துவாரியாக மாற்றுவது இன்னொன்று. இழப்பீடு ஜமீன்தாருக்குப் போனது, பட்டா குடியானவருக்கு வந்தது. தாலுகா ஆபீசில் உங்கள் ஊர்ச் செட்டில்மென்ட் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஜமீன் பண்ணை நிலமாக எது நின்றது, எந்தெந்த சர்வே எண்ணில் உழுதவர் பெயர் ஏறியது என்று தனித்தனியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்தந்த சர்வே எண்ணை வைத்தே பேசலாம்.