மண்ணின்றி வேரோடு வரும் ஹனி லோகஸ்ட் கன்றுகள்: நடவும் வளர்ப்பும்

கேள்வி: நிழல்நாடி (ஒமாகா, நெப்ராஸ்கா)

அனைவருக்கும் வணக்கம். ஒமாகாவின் மேற்கு விளிம்பில், ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தோடு கூடிய வீட்டில் வசிக்கிறோம். 2016ஆம் ஆண்டில் இந்நகரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு, வீட்டின் மேற்கே நின்ற ஆஷ் மரங்களையும் விட்டுவைக்கவில்லை. அவற்றை வெட்டிய பிறகு, கோடைப் பிற்பகல் வெயில் நேராக வரவேற்பறைக்குள் இறங்குகிறது. அந்த இடத்தில் ஹனி லோகஸ்ட் மரங்களை வளர்க்க விரும்புகிறோம். அடியில் புல் வளரும் அளவுக்கு மெல்லிய நிழல் தரும் என்பதும், சிற்றிலைகள் மிகச் சிறியவை என்பதால் இலையுதிர்காலத்தில் கூட்டி அள்ளும் வேலை குறையும் என்பதும் எங்களைக் கவர்ந்தன.

எங்கள் வட்டாரத்து இயற்கை வள மாவட்ட அலுவலகம் வசந்த காலத்தில் குறைந்த விலைக்குத் தரும் கன்றுகளில், முள்ளற்ற வகை என்று குறிப்பிடப்பட்ட 25 கன்றுகள் கொண்ட ஒரு கட்டைப் பதிவு செய்திருக்கிறேன். மண்கட்டி இல்லாமல், வெறும் வேரோடு, ஒன்றரை அடி உயரத்தில் வரும் என்கிறார்கள். தொட்டிச் செடிகளை நட்டுப் பழக்கமுண்டு. வெறும் வேர்க்கன்றுகளைக் கையாண்டதில்லை. எங்கள் மண் கோடையில் இறுகி வெடிக்கும் களிமண். குழியில் உரமும் தோட்ட மண்ணும் கலந்து நிரப்ப வேண்டுமா? கன்றுகள் உண்மையிலேயே முள்ளின்றி வளருமா? நிழல் கிடைக்க எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: வேர்க்கழுத்து (லிங்கன், நெப்ராஸ்கா)

வணக்கம் ஐயா. முள்ளிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற குறைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த இயலாது. முள்ளற்றது என்று விற்கப்படும் விதைக்கன்று, முள்ளில்லாத தாய்மரத்தின் நெற்றிலிருந்து எடுத்த விதையில் முளைத்தது, அவ்வளவுதான். மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தது என்பதை யாரும் சொல்ல முடியாது. இயற்கையாக வளரும் மரங்களில் பெரும்பாலானவை முள் உடையவை என்பதால், உங்கள் கட்டிலும் ஒரு பகுதி முள்ளோடுதான் வளரும். முதல் ஆண்டில் வழவழப்பாக நிற்கும் கன்று, அடுத்தடுத்த ஆண்டுகளில் முள் விடுவதும் உண்டு. அந்த முள் நம் ஊர்க் கருவேல முள்ளோடு நிறுத்திப் பார்க்கக் கூடியதன்று: அடிமரத்திலிருந்தே கிளைத்துக் கொத்தாக வெளிப்படும், 8 அங்குலம் வரை நீளும், டிராக்டர் சக்கரத்தையும் துளைத்துவிடும்.

ஆகவே, மரம் வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் மூன்று கன்றுகளை நான்கடி இடைவெளியில் நட்டு, மூன்று ஆண்டுகள் பார்த்த பிறகு, முள்ளில்லாததும் நேராக வளர்ந்ததுமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவதே அறிவுடைமை. நீக்கும்போது வேரோடு தோண்டி எடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்த்துவிடும்.

இனி நடவு. வெறும் வேர்க்கன்றுக்கு எதிரி காற்றும் வெயிலுமே. அது உறக்கநிலையில் தோண்டப்பட்டது. நுண்வேர்கள் சில நிமிடங்கள் வெயிலில் கிடந்தாலும் உலர்ந்துபோகும், உலர்ந்தவை மீள்வதில்லை. கட்டு வந்த அன்றே பிரித்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். உடனே நட இயலாவிட்டால், பொதித்திருக்கும் பொருளை நனைத்து, உறையாத அளவுக்குக் குளிர்ச்சியான இருண்ட இடத்தில் வையுங்கள். சில நாட்களுக்கு மேல் தாமதமாகும் என்றால், நிழலான ஓரத்தில் ஒரு சால் வெட்டி வேர்களைச் சாய்வாக மண்ணில் புதைத்து வைக்கலாம். நடுவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் வாளித் தண்ணீரில் வேர்களை ஊறவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் வேர்கள் மூச்சுத் திணறும். வயலுக்கு எடுத்துச் செல்லும்போதும் கன்றுகள் வாளியிலேயே இருக்கட்டும். நடுகின்ற கன்று மட்டும் கையில் இருந்தால் போதும்.

குழியைத் தோண்டுமுன் 811 எண்ணை அழைத்து, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் இலவசமாக அடையாளமிடச் சொல்லுங்கள். இதற்குச் சில வேலை நாட்கள் பிடிக்கும் என்பதால் கன்றுகள் வருமுன்னரே அழைத்துவிடுவது நல்லது. குழி, வேர் மடங்காமல் இறங்கும் ஆழத்துக்கும், அதைப்போல் இரு மடங்கு அகலத்துக்கும் இருக்கட்டும். ஈரக் களிமண்ணில் மண்வெட்டி பட்ட பக்கச்சுவர் மெழுகியதுபோல் வழவழப்பாகிவிடும். அதைக் கடப்பாரையால் கீறிவிட வேண்டும், இல்லையேல் வேர் குழிக்குள்ளேயே சுற்றும். ஹனி லோகஸ்டின் ஆணிவேர் பெரும்பாலும் நீளமாக வரும். மேல்நோக்கி வளைத்துத் திணிப்பதைக் காட்டிலும், கூர்மையான கத்தரியால் முனையைச் சிறிது வெட்டுவது மேல். தண்டும் வேரும் சேரும் கழுத்து தரைமட்டத்தில் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் பட்டை அழுகும்.

நீங்கள் கேட்ட தோட்ட மண்ணும் உரமும் வேண்டவே வேண்டாம். தோண்டிய அதே மண்ணை நொறுக்கிப் போட்டுக் காலால் மெல்ல மிதித்து, தண்ணீர் ஊற்றிக் காற்றுப்பைகளை நீக்குங்கள். குழியில் மட்டும் வளமான, பொலபொலப்பான மண் இருந்தால், மழைநீர் அதில் தேங்கி நிற்கும். வேருக்கும் சுற்றியுள்ள களிமண்ணுக்குள் நுழைய வேண்டிய தேவை இராது. இந்த மரம் வறட்சியையும் காரத்தன்மையுள்ள மண்ணையும் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பையும் தாங்கக்கூடியது. உங்கள் களிமண் அதற்கு அந்நியமன்று.

பதில் 2: ஒட்டுக்கிளை (டெ மொய்ன், அயோவா)

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால், வீட்டுக்கு நிழல் வேண்டும் என்பது நோக்கமென்றால், விதைக்கன்றை நம்பி மூன்று ஆண்டுகள் முள்ளை எதிர்நோக்கிக் காத்திருப்பது ஏன்? ஸ்கைலைன், ஷேட்மாஸ்டர் போன்ற ஒட்டுமரங்களும் வெறும் வேரோடு கிடைக்கின்றன. அவை முள்ளற்றவை, நெற்றும் அரிதாகவே காய்க்கும். இவற்றின் பின்னணி சுவையானது. முள்மரம் முதிர்ந்தால் அதன் உச்சிக் கிளைகளில் முள் அற்றுப்போகும். அங்கிருந்து எடுத்த மொட்டை ஒட்டினால் அந்த மரமும் முள்ளின்றி வளரும். மொரைன் என்ற வகை 1949இல் அமெரிக்கத் தாவரக் காப்புரிமை பெற்றது. டச்சு எல்ம் நோயால் தெருவோர எல்ம் மரங்கள் மடிந்தபோது, அந்த வெற்றிடங்களை நிரப்பியவற்றில் இந்த மரத்துக்கு முக்கிய இடமுண்டு.

என் ஆலோசனை இதுதான்: வீட்டின் மேற்கே ஓர் ஒட்டுமரத்தை நட்டுவிட்டு, விதைக்கன்றுகளை நிலத்தின் எல்லையில் வையுங்கள். எல்லை முழுவதும் ஹனி லோகஸ்டாகவே நிரப்பவும் வேண்டாம். ஆஷ் மரங்களுக்கு நேர்ந்தது நாளை இதற்கும் நேரலாம். நகரங்களில் ஏற்கெனவே இது அளவுக்கு மீறி நடப்பட்டிருக்கிறது. இடையிடையே பர் ஓக், ஹாக்பெரி போன்ற வேறு மரங்களும் நிற்கட்டும்.

பதில் 3: மூடாக்கு (கொலம்பியா, மிசூரி)

நட்டதற்குப் பிந்தைய கவனிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் கன்றுகள் அங்கேதான் சாகின்றன.

நான் பார்த்தவரையில், தண்ணீர்க் குறைவைவிடப் புல்லே அதிகக் கன்றுகளைக் கொன்றிருக்கிறது. புல்லின் வேர், ஒன்றரை அடிக் கன்றுக்குரிய ஈரத்தை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். கன்றைச் சுற்றி மூன்றடி விட்டத்துக்குப் புல்லை அகற்றி, மூன்று அங்குல உயரத்துக்கு மரச்சீவல் மூடாக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு கையளவு இடம் விடுங்கள். இந்த வட்டத்தை மூன்று கோடைகளாவது காக்க வேண்டும். மழை இல்லாத வாரங்களில், வேர்ப்பகுதி ஆழமாக நனையும்படி ஒரே தடவையில் இரண்டு காலன் தண்ணீர் ஊற்றினால் போதும். நாள்தோறும் தெளிப்பது மேல்மண்ணை மட்டுமே நனைக்கும்.

புல்தரைக்கு அடிக்கும் களைக்கொல்லியில் இன்னும் கவனம் தேவை. ஹனி லோகஸ்ட் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அகன்ற இலைக் களைகளை அழிக்கும் குளோபைரலிட் இக்குடும்பத்தைக் கடுமையாகத் தாக்கும். டிகாம்பா என்ற மற்றொரு களைக்கொல்லியை வேர்களும் உறிஞ்சும். புல்தரைப் பராமரிப்புக்கு ஆள் வைத்திருந்தால், என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டு, மர வட்டத்துக்கு அருகில் அடிக்க வேண்டாமெனச் சொல்லிவிடுங்கள்.

முயலும் வயல் எலியும் பனிக்காலத்தில் பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிடும்; மான் நுனியை மேயும், கொம்பால் தண்டை உரசும். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை உருளையாக்கி, அடியை மண்ணில் சற்றுப் புதைத்து வையுங்கள். இளம் மரத்தின் பட்டை மெல்லியது. குளிர்காலத்தில் தென்மேற்கு வெயில் பட்டு வெடிக்கக்கூடும் என்பதால், கன்று பெருவிரல் தடிமனான பிறகு நவம்பரில் வெண்ணிற உறை சுற்றி, வசந்தத்தில் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று: இது மிகத் தாமதமாகத் துளிர்க்கும் மரம். மே மாதத்தில் மற்றவை எல்லாம் பச்சையாக நிற்கும்போது உங்கள் கன்றுகள் சுள்ளி போல் நிற்கும். பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். நகத்தால் பட்டையை இலேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். தெரிந்தால் ஜூன் பாதிவரை பொறுங்கள்.

நிழல்நாடி

மிக்க நன்றி. ஓர் ஒட்டுமரம் வீட்டருகிலும் விதைக்கன்றுகள் எல்லையிலும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பின் எல்லைக்கு அப்பால் அண்டை வீட்டாரின் மாடுகள் மேய்கின்றன. லோகஸ்ட் மரம் கால்நடைகளுக்கு நஞ்சு என்று ஒருவர் எச்சரித்தார். அது உண்மையா? வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு விடலாம்?

பதில் 4: வேர்க்கழுத்து

அவர் சொன்னது பிளாக் லோகஸ்ட் என்ற வேறு மரத்தைப் பற்றியது. அதன் பட்டையும் இலையும் விதையும் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சுதான். ஹனி லோகஸ்டின் கதை நேர்மாறானது. அதன் நெற்றின் சதை இனிப்பானது, மாடுகள் விரும்பித் தின்னும். அமெரிக்க அரசு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தார் தீவனத்துக்காகவே இனிப்பு மிகுந்த மில்வுட், கால்ஹூன் ஆகிய வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். உங்கள் விதைக்கன்றுகளில் பெண்மரம் எது என்பது பூக்கும்போதுதான் தெரியும். அதற்குப் பத்து ஆண்டுகள் வரை ஆகலாம். எல்லையில் நெற்று விழுந்தால் மாடுகளும் மான்களும் பார்த்துக்கொள்ளும். ஆனால், முள்மரத்தின் ஒடிந்த கிளை மேய்ச்சல் நிலத்தில் விழக்கூடாது என்பதால், அந்தப் பக்கத்தில் முள் காட்டும் கன்றைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

முதிர்ந்த மரம் 40 அடிக்கு மேல் படரும். எனவே வீட்டுச் சுவரிலிருந்து 20 முதல் 25 அடி தள்ளி நடுங்கள். மின்கம்பிக்கு அடியில் கூடவே கூடாது. வேரூன்றிய பிறகு ஆண்டுக்கு இரண்டடி வளரும் மரம் இது. ஒன்றரை அடி விதைக்கன்று ஒரு நாற்காலிக்கு நிழல் தர ஐந்தாறு ஆண்டுகளும், பிற்பகல் வெயிலைச் சன்னலில் தடுக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். பெரிதாக வாங்கும் ஒட்டுமரம் அதில் சில ஆண்டுகளைக் குறைக்கும்.

இளமையில் கன்று வளைந்து நெளிந்து பல தலைகளோடு, அதாவது மேல்நோக்கிப் போட்டியிடும் பல நடுத்தண்டுகளோடு, வளரும். முதல் இரண்டு ஆண்டுகள் கத்தரியைத் தொடாதீர்கள். மூன்றாம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், உலர்ந்த ஒரு நாளில், நேரான ஒரு தலையை வைத்துக்கொண்டு போட்டித் தலைகளைக் குறுக்கிவிடுங்கள். ஈரமான வானிலையில் கவாத்து செய்தால் வெட்டுக்காயம் வழியே பட்டைப்புண் நோய்ப் பூசணம் நுழையும்; அதற்கு மருந்து இல்லை.