வுல்பிட்டின் பச்சைக் குழந்தைகள்: அகதிகளா, வேற்றுலகத்தவரா?

தெற்குவாசல்:
இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள வுல்பிட் என்னும் ஊரில், 12ஆம் நூற்றாண்டின் ஓர் அறுவடைக் காலத்தில், ஓநாய்களுக்காக வெட்டிய குழிகளின் அருகே, பச்சை நிற மேனியுடைய ஒரு சிறுவனும் சிறுமியும் கிடைத்ததாக நியூபர்க் வில்லியம், காகஷல் ரால்ஃப் ஆகிய இரு துறவியர் எழுதியுள்ளனர். அவர்களின் பேச்சு எவருக்கும் புரியவில்லை. அவரையைத் தவிர வேறெதையும் அவர்கள் உண்ணவில்லை. சிறுவன் இறந்துபோனான், சிறுமியோ பிற உணவுக்குப் பழகி, நிறம் மாறி வளர்ந்தாள். இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 1173இல் சஃபோக்கிலேயே நடந்த ஃபார்ன்ஹம் போரில் ஃப்ளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) கூலிப்படையினர் திரளாகக் கொல்லப்பட்டனர். அவ்வாறு பெற்றோரை இழந்த அயல்மொழிப் பிள்ளைகள் பட்டினியில் சோகை பிடித்து மேனி பசந்திருக்கலாம். தாங்கள் புனித மார்ட்டினின் நாட்டவர் என்று அவர்கள் சொன்னதற்கும், அருகிலுள்ள ஃபார்ன்ஹம் செயின்ட் மார்ட்டின் என்ற ஊரே பொருந்துகிறது.

மருதநிலத்தாள்:
காலமே பொருந்தவில்லையே, நண்பரே! இந்நிகழ்வு 1154இல் மறைந்த ஸ்டீஃபன் மன்னரின் ஆட்சியில் நடந்ததாக வில்லியம் தெளிவாகக் குறிப்பிடுகிறார். மேலும், பிள்ளைகளை வைத்துக் காத்த ரிச்சர்ட் டி கால்ன் ஒரு வீரப்பெருமகன். ஃப்ளாண்டர்ஸ் மொழியை அடையாளம் காணக்கூடிய ஒருவர்கூடவா அவர் வீட்டுப் பக்கம் வராமல் போனார்? எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது அந்த அவரைக்காய்க் காட்சிதான். பறித்துவந்த செடிகளைக் கண்டதும் ஆவலோடு பற்றிய பிள்ளைகள், காய்களை விட்டுவிட்டுத் தண்டைப் பிளந்து பார்த்தனர். உள்ளே ஒன்றுமில்லாததால் அழுதனர். காயை உரித்துக் காட்டிய பிறகே உண்டனர். ஃப்ளாண்டர்ஸ் குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு அவரை எங்கே காய்க்கும் என்பது தெரியாதா? செடி கொடிகளின் ஒழுங்கே வேறாக உள்ள ஓர் உலகத்திலிருந்து வந்தவர்கள் என்று காட்டவே கதைசொல்லி அக்காட்சியை அமைத்திருக்கிறார்.

ஏட்டுச்சுவடி:
ரால்ஃபின் ஏட்டில் இக்கதை தனித்து நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே சஃபோக்கின் டாக்வர்த்தில், தாய் கதிர் அறுத்துக்கொண்டிருந்தபோது வயலிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டதாகக் கூறிய மால்கின் என்ற கண்ணுக்குப் புலப்படாத குழந்தையின் குரலையும் அவர் பதிவுசெய்கிறார். அறுவடை வயலும் காணாமற்போகும் குழந்தையும் அங்கும் உண்டு. கதிரவன் எழாத நாட்டிலிருந்து வந்ததாகப் பச்சைக் குழந்தைகள் சொன்னதைப் போலவே, வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதிய, நிலத்தடி நாட்டுக்குச் சென்றுவந்த எலிடோர் என்ற சிறுவனின் கதையிலும் அந்நாடு கதிரவனின் முழு ஒளியின்றியே இருக்கிறது.

தெற்குவாசல்:
எலிடோர் அந்நாட்டுக்குத் திரும்பும் வழியை இழந்தான். அந்நாட்டோடு அவனுக்கிருந்த தொடர்பு அத்தோடு முடிந்தது. இச்சிறுமியோ ஞானஸ்நானம் பெற்று, ரிச்சர்டின் வீட்டில் பல ஆண்டுகள் பணிபுரிந்து, ஒழுக்கக் குறைவுடையவள் என்று ரால்ஃபிடம் பழிச்சொல்லும் வாங்கினாள். லின் நகரத்தில் ஒருவரை மணந்ததாக வில்லியம் சொல்கிறார். வேற்றுலகக் கதைக்கு இந்த வேலைக்காரி வாழ்க்கை எதற்கு? நெடுநாள் நம்பாதிருந்த வில்லியமே, பலரது சாட்சியத்தின் கனத்தால்தான் இணங்கினார்.

மருதநிலத்தாள்:
அவள் வாழ்ந்ததை நான் மறுக்கவில்லை. அவள் நாட்டைத்தான் மறுக்கிறேன். மந்தையைத் தொடர்ந்து குகைக்குள் நுழைந்து மணியோசையைப் பின்பற்றி வந்ததாக ரால்ஃப் எழுதுகிறார். வில்லியமிடம் குகையே இல்லை, தந்தையின் மாடுகளை மேய்க்கையில் மணியோசை கேட்டுத் திகைத்தவர்கள் திடீரென்று வயலில் நின்றார்கள். ஆங்கிலம் கற்றபின், கேட்பவர் மாறமாற அவள் விடையும் வளர்ந்திருக்கும். அவ்விடையிலிருந்து மார்ட்டின் என்ற ஒரு பெயரை மட்டும் உருவி எடுத்து நில வரைபடத்தில் ஒட்டும் உரிமையை உங்களுக்கு யார் தந்தது?