பின்தங்கிய பகுதி நிதி: ஜவ்வாது மலை ஊர்களுக்கு எந்தத் தலைப்பில் கேட்பது?

மலையடிவாரம்:
அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை மூன்றும் மலை ஊராட்சிகள். உள்ளே தள்ளியிருக்கும் குக்கிராமங்களுக்குச் சாலை கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடப் போகிறோம். எந்த நிதியைக் குறிப்பிட்டு எழுதுவது என்பதில்தான் குழப்பம். பழைய வட ஆற்காட்டில் மலை முழுக்க ஒரே மாவட்டமாக இருந்தது. பிரிந்த பிறகு திருவண்ணாமலைக்கு பின்தங்கிய பகுதி மானியம் கிடைத்தது, வேலூருக்கு இல்லை என்கிறார்கள். ஏன் அப்படி? அதை இப்போது கேட்டால் கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
கேட்டால் கிடைக்காது சார், அந்தத் திட்டமே இப்போது இல்லை. பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி 2007 பிப்ரவரியில் தொடங்கியது. நாடு முழுக்க 250 மாவட்டங்கள்; தமிழ்நாட்டில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று ஆறு. மாவட்டத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 10 கோடி. மீதியில் பாதி மக்கள்தொகைப்படி, பாதி பரப்பளவுப்படி. 14ஆவது நிதிக்குழு மாநிலங்களின் வரிப்பங்கை உயர்த்தியதும், 2015இல் ஒன்றிய அரசு இதற்குப் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது. தீர்மானத்தில் அதன் பெயரை எழுதினால் "திட்டம் நடைமுறையில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

வேலூர் ஏன் விடுபட்டது என்பதைப் புரிந்துகொண்டால் மனு எழுதுவது எளிது. கணக்கெடுத்தது மாவட்டத்தை. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தபின் வேலூர்ப் பக்கம் இருந்தது என்ன? ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில், ராணிப்பேட்டை சிப்காட், பெல். இத்தனையின் சராசரியில் பீஞ்சமந்தை கண்ணுக்கே தெரியாது. 2019இல் மீண்டும் பிரித்ததும் மலை மூன்று மாவட்டத்துக்குப் போனது: ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கு, புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூருக்கு, உங்கள் மூன்றும் வேலூருக்கு. 2018இல் வந்த முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்திலும் அலகு மாவட்டம்தான். தமிழ்நாட்டில் ராமநாதபுரம், விருதுநகர் மட்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு என்று தனி மேம்பாட்டு நிதி இருந்தது. ஜவ்வாது கிழக்குத் தொடர்ச்சி, அதனால் அதிலும் சேரவில்லை. வறுமை ஒன்றுதான், மலையின் பெயர் வேறு என்பதற்காகப் பணம் வராமல் போனது பெரிய அநியாயம்.

ஆகவே மாவட்டக் கணக்கை விடுங்கள். குக்கிராமம் வாரியாக எழுதுங்கள்: வீடுகள், மக்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை கிலோமீட்டர், அதில் வண்டி போகாத தூரம் எவ்வளவு, எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் வந்தால் வழி அடைபடும்.

ஒன்றியக்கணக்கு:
இப்போது நடப்பில் உள்ளவை.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டம் 2024 முதல் 2029 வரை. சாலை இல்லாத குடியிருப்பில், சமவெளி என்றால் 500 பேர், அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் அறிவித்த பழங்குடிப் பகுதி என்றால் 250 பேர் இருந்தால் போதும். இங்கேதான் பலர் தவறாக எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. இந்த மலையில் வாழும் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல) பட்டியல் பழங்குடி என்றாலும் "250 பேர்" விதியைக் காட்டிக் கேட்க முடியாது. ஆனால் மலையில் 1.5 கிலோமீட்டர் நடைவழித் தூரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து ஒரே குடியிருப்பாகக் கணக்கிட அந்தத் திட்டத்தின் வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. தனித்தனியே 140, 180, 210 என்று எழுதினால் மூன்றும் விழும், சேர்த்தால் 530. கணக்கு 2011 கணக்கெடுப்பின்படி. குக்கிராமப் பெயர் அதில் வேறு எழுத்தில் பதிவாகியிருந்தால் இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள்.

பிரதமரின் ஜன்மன் திட்டத்தைச் சிலர் சொல்வார்கள். அது நலிந்த பழங்குடிகளுக்கு மட்டும். நம் மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகள் அதில் வரும், மலையாளிகள் வரமாட்டார்கள். உங்களுக்குப் பொருந்துவது பழங்குடிக் கிராமங்களுக்காக 2024 அக்டோபர் 2இல் ஒன்றிய அரசு தொடங்கிய தர்தி ஆபா திட்டம். மொத்த மக்கள் குறைந்தது 500, அதில் குறைந்தது பாதி பழங்குடி என்றால் கிராமம் தகுதி பெறும். உங்கள் வருவாய்க் கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல அலுவலகத்தில் முதலில் பாருங்கள்.

வேலை சின்னதாக இருந்தால், ஒரு சிறுபாலம், 200 மீட்டர் சிமென்ட் சாலை மாதிரி, நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது.

பாலாற்றங்கரை:
நமக்கு நாமே பற்றி எனக்கு உடன்பாடு இல்லை. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புக்கு ஐந்தில் ஒன்று என்று குறைத்திருக்கிறார்கள், சரி. அப்போதும் 10 லட்சம் வேலைக்கு 2 லட்சம். கடைத்தெருவும் தொழிற்சாலையும் உள்ள ஊரில் நாலு பேர் சேர்ந்தால் கட்டிவிடலாம். சாமையும் புளியும் விற்று வாழும் ஊரில் யார் கட்டுவது? பங்குத்தொகை கேட்கும் திட்டம் எதுவானாலும் வசதியுள்ள ஊருக்குத்தான் முதலில் போய்ச் சேரும். நாடாளுமன்றத் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி, அதில் 7.5 சதவீதம் பழங்குடிப் பகுதிக்கு என்று விதி. அதற்கு மக்கள் பங்கு தேவையில்லை. அதைக் கேளுங்கள்.

மலையடிவாரம்:
இருவருக்கும் நன்றி. வழி காப்புக்காட்டுக்குள் போகிறது. நிதி வந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் திரும்பிவிடும் என்று பயமாக இருக்கிறது.

காட்டுவழி:
பயம் நியாயமானது. அதனால் காட்டு அனுமதியை நிதிக்கு முன்னால் தொடங்குங்கள்.

வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2): சாலை, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாய விலைக் கடை, குடிநீர்க் குழாய் என்று 13 வகை வேலைக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபைப் பரிந்துரை கட்டாயம். மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிந்துவிடும், டெல்லி வரை போகாது.

தவறு நடப்பது அளவில். மலைச்சாலைக்கு தார் 3.75 மீட்டர் அகலம் என்றால் 1 ஹெக்டேரில் 2,667 மீட்டர் போகலாம் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறார்கள். தோள், வடிகால் சேர்த்து மொத்த அகலம் 6 மீட்டர் ஆகும். அப்போது 1,667 மீட்டர்தான். தடுப்புச்சுவர் அடித்தளமும் வளைவில் கூடும் அகலமும் போனால் 1,500 மீட்டரைத் தாண்டாமல் கேட்பது பாதுகாப்பு. அதற்கு மேல் நீளம் என்றால் பரிவேஷ் இணையதளம் வழியாக முழு அனுமதிதான். ஒரே சாலையை மூன்று துண்டாக்கி மூன்று மனு போட்டால் ஆட்சேபம் வரும்.

இரண்டாவது, குறைவெண் (கோரம்). சாதாரணக் கிராம சபைக்கு 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் போதும். வன உரிமைச் சட்டப்படி கூடும் சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேர் வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண். ஆகஸ்ட் 15 சபையில் 100 கையெழுத்தோடு போட்ட தீர்மானத்தை அனுப்பினால் திரும்பி வரும். குக்கிராமத்திலேயே, இதற்கென்று தனியாகக் கூட்டுங்கள். தீர்மானத்தில் புல எண், நீளம், மொத்த அகலம், மரங்களின் எண்ணிக்கை நான்கும் இருக்கட்டும். வனச்சரகர் நேரில் பார்க்க வரும்போது அதே எண்கள் தரையில் பொருந்த வேண்டும். ஊர்க்காரர் இரண்டு பேர் கூட நடங்கள்.

மதிப்பீட்டில் சிறுபாலங்களை விடாதீர்கள். பணம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுவது அதைத்தான். அடுத்த வடகிழக்குப் பருவத்தில் ஓடை சாலையை அறுத்துக்கொண்டு போகும். கிராமச் சாலைத் திட்டத்தில் ஒப்பந்ததாரர் 5 ஆண்டு பராமரிக்க வேண்டும்; மற்ற நிதிகளில் போடும் சாலைக்குப் பராமரிப்பை யார் ஏற்பது என்று தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள்.