மேஜர் லீக் ‘ரெடி’க்குத் தமிழில் என்ன: தகுதியா, ஆயத்தமா, பதமா?

வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பேஸ்பாலுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் முடியப்போகிற நேரத்தில் ஒரே ஒரு சொல்லில் வண்டி மண்ணில் புதைந்து நிற்கிறது. மைனர் லீகில் (கீழ்நிலைப் போட்டி) ஆடும் ஓர் இளைஞர் மேஜர் லீகில் (உச்சநிலைப் போட்டி) தாக்குப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டாரா என்பதை அமெரிக்காவில் ‘ரெடி’ என்ற ஒரு சொல்லால் பேசி முடித்துவிடுகிறார்கள். நாம் தகுதி, ஆயத்தம், பக்குவம் என்று மூன்று சொல் கண்டுபிடித்து மூன்றோடும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் புலவர் ஐயா எழுதியது:

> தகுதி என்ற பழஞ்சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? ‘மேல்நிலைத் தகுதி’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

ஐயா, தகுதி நல்ல சொல்தான். ஆனால் பேஸ்பாலில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. புதுமுக விருதுக்கு யார் தகுதி உள்ளவர் என்று விதி வரையறுத்திருக்கிறது: முந்தைய பருவங்களில் 130 அட்-பேட்டை (மட்டை பிடித்து ஆடிய முறை) தாண்டிய மட்டையாளருக்கும், 50 இன்னிங்ஸ் தாண்டி வீசிய பந்துவீச்சாளருக்கும் அந்தத் தகுதி போய்விடும். அது விதிப்புத்தகத்தில் உள்ள தகுதி. யார் வேண்டுமானாலும் எண்ணிச் சொல்லலாம். ‘ரெடி’ அப்படி எண்ணிச் சொல்லக்கூடியது இல்லை.

கிரிஸ் பிரையன்ட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் மைனர் லீகில் 43 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி). 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் இன்னும் 9, சராசரி (ஓர் அட்-பேட்டுக்கு எத்தனை ஹிட், அதாவது தளம் சேர்க்கும் அடி) .425. பார்த்தவர்கள் எல்லோரும் ஆள் ரெடி என்றார்கள். சிகாகோ கப்ஸ் அணி மட்டும் மூன்றாம் தளத்தில் அவருடைய தடுப்பாட்டம் இன்னும் சீராக வேண்டும் என்று சொல்லி, அவரை ஐயோவாவில் உள்ள தன் மைனர் லீக் அணிக்கு அனுப்பியது. ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் தடுப்பாட்டம் சீராகிவிட்டதா? கணக்கு வேறு. ஒரு பருவத்தில் 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஓராண்டுப் பணிக்காலம். அப்படி ஆறு ஆண்டு சேர்ந்தால் ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம். பிரையன்டுக்கு அந்த ஆண்டு சேர்ந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததில் அணிக்கு அவர் இன்னும் ஓராண்டு கிடைத்தார். அந்தப் பருவத்திலேயே புதுமுக விருது, அடுத்த ஆண்டு நேஷனல் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது. முறையீடு செய்து பார்த்தார். 2020-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

ஆக, இங்கே இரண்டு விஷயம் இருக்கிறது. ஆள் வந்து சேர்ந்த நிலை ஒன்று. அணி அவரை ஏற்றுவது இன்னொன்று. நம் சொல் முதலாவதை மட்டும் குறிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் அணி நிர்வாகத்தின் வக்கீலுக்குத்தான் வசதி.

அடுத்தது ‘ஆயத்தம்’. இதை முன்பு நானே சொன்னேன், நானே திரும்பப் பெறுகிறேன். ஆயத்தம் என்பது போகிறவர் தன்னைத் தயார் செய்துகொள்வது. வில்லி மேஸ் 1951 மே மாதம் மினியாபொலிஸ் மைனர் லீக் அணிக்காக 35 ஆட்டங்களில் .477 சராசரியோடு அடித்துக்கொண்டிருந்தார். 20 வயது. வெளியூர் ஆட்டத்துக்குப் போன இடத்தில் சினிமாக் கொட்டகையில் இருந்தவரைத் தேடிப்பிடித்து, நியூயார்க் ஜயன்ட்ஸ் கூப்பிடுகிறது என்று சொன்னார்கள். மேலாளர் லியோ துரோச்சரிடம் தொலைபேசியில், மேஜர் லீக் பந்துவீச்சை என்னால் அடிக்க முடியாது என்று அவரே சொல்லிப் பார்த்தார். போனார். முதல் 12 அட்-பேட்டில் ஒன்றும் இல்லை. பிறகு வாரன் ஸ்பானின் பந்தில் ஒரு ஹோம் ரன். அதற்குப் பிறகும் வறட்சி, மொத்தம் 26 அட்-பேட்டுக்கு ஒரே ஹிட். உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதவரிடம், நடுக்களத்தில் நிற்பது நீதான் என்று துரோச்சர் சொல்லிவிட்டார். அந்த ஆண்டின் புதுமுக விருது மேஸுக்குத்தான். அவரிடம் ஆயத்தம் துளியும் இல்லை. இருந்தது வேறொன்று.

டெக்சாஸ் அக்கா சொன்ன ‘பக்குவம்’ அந்த வேறொன்றுக்குக் கிட்டத்தில் வருகிறது. ஆனால் ‘பக்குவம் இல்லாதவர்’ என்று செய்தியில் எழுதினால் அது மனிதரின் குணத்தைப் பற்றிய வசை ஆகிவிடும். வளைந்து விழும் பந்தை அடிக்கத் தெரியாதவனைப் பார்த்து அப்படிச் சொல்வது அநியாயம், அக்கா.

ஆகவே என் முன்மொழிவு ‘பதம்’. பாகு கம்பிப் பதமா என்று பார்க்கிறோம், மண் உழுகிற பதத்துக்கு வந்ததா என்று பார்க்கிறோம். அடுத்த வேலைக்குத் தாங்குமா என்பதுதான் பதம். அறிவியலுக்கும் இது புதிதில்லை. ஈரப்பதம் என்று வானிலை அறிக்கையில் தினமும் சதவீதத்தோடு கேட்கிறோம். அளவிடத் தக்கது, ஆனால் கை வைத்துப் பார்க்கவும் வேண்டியது. பேஸ்பால் ஸ்கவுட்டுகள் (இளம் ஆட்டக்காரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள்) செய்வதும் அதைத்தான். அவர்களுடைய அளவுகோல் 20-இலிருந்து 80 வரை; 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடி, வலு, ஓட்டம், எறி, தடுப்பு என்று ஐந்து திறனுக்கும் தனித்தனியாக மதிப்பெண், அதுவும் இரண்டு இரண்டாக: இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு. அடியில் இன்று 35, நாளை 60 என்று ஒருவருக்கு எழுதினால் திறமைசாலி, ஆனால் வேகவில்லை என்று அர்த்தம்.

வெறும் பதம் என்றால் பொதுவாகப் போய்விடும். முதலில் ‘நடுபதம்’ என்று யோசித்தேன். அணியின் மைனர் லீக் அமைப்பை அங்கே பண்ணை என்கிறார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் பிராஞ்ச் ரிக்கி 1920-களில் கட்டியெழுப்பியது. நமக்குப் பண்ணையைவிடப் பொருத்தமாக ‘நாற்றங்கால்’ இருக்கிறதே! நாற்றங்காலில் வளர்ப்பது, பிடுங்கி வேறு வயலில் நடுவது. இளநாற்று தாங்காது, முற்றிய நாற்று தூர் கட்டாது. எல்லாம் சரி, ‘நடுபதம்’ என்று எழுதிப் பார்த்தால் பாதிப் பேர் நடுத்தரமான பதம் என்று வாசிக்கிறார்கள். வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன். அதனால் ‘ஏறுபதம்’. வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஏறுபதம் எய்தியவர், ஏறுபதம் தப்பியவர் என்றெல்லாம் தடங்கலில்லாமல் வருகிறது.

*

டெக்சாஸ் அக்காவிடமிருந்து:

தம்பி, சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. அது சொல்கிற பொருளில்தான் சந்தேகம். ஏறுபதம் என்றால் கீழே இருக்கும்போதே பார்த்துச் சொல்லிவிடலாம் போலத் தொனிக்கிறது. அப்படி முடியுமா?

ஜாக்சன் ஹாலிடேயைப் பார். 2022 டிராஃப்டில் (அணிகள் புதியவர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆள். அப்பா மாட் ஹாலிடேயும் மேஜர் லீக் ஆடியவர். நாட்டின் முதல்நிலை இளம் ஆட்டக்காரர் என்று பட்டியல்கள் எல்லாம் சொல்லின. 2024 ஏப்ரல் 10 அன்று, 20 வயதில், பால்டிமோர் அவரை மேலே கொண்டுவந்தது. 10 ஆட்டம், 34 அட்-பேட், 2 ஹிட், 18 ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக் விழுந்து ஆட்டமிழப்பது). மாதம் முடிவதற்குள் திரும்ப நார்ஃபோக் மைனர் லீக் அணிக்கு. ஜூலை 31 அன்று மறுபடி வந்து, தளங்கள் மூன்றிலும் தன் அணியினர் நிற்கும்போது தன் முதல் ஹோம் ரனை அடித்தார். ஊரே எழுந்து நின்றது. சரி, அப்போதாவது பதம் வந்துவிட்டதா? பருவத்தை அவர் முடித்த சராசரி .189.

இதில் யாரும் முட்டாள் இல்லை. மைனர் லீகின் மேல்படியான டிரிபிள் ஏ-யின் எண்களே கொஞ்சம் பொய் பேசும். ஆல்புகர்க்கி போன்ற ஊர் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிந்ததால் சாதாரண அடியும் வேலியைத் தாண்டும். 2023 முதல் டிரிபிள் ஏ மைதானம் எல்லாவற்றிலும் பந்து ஸ்டிரைக்கா (அடிக்கத் தக்க எல்லைக்குள் வந்ததா) இல்லையா என்பதில் இயந்திரமும் வாய்திறந்தது. மேஜர் லீகில் அப்போது நடுவரின் கண் மட்டும்தான். முக்கியமாக, மேலே உள்ள பந்துவீச்சாளருக்கு உன் ஓட்டை எங்கே என்று முதல் நாளே தாள் போய்விடும். உள்பக்கம் உயரமாக வரும் வேகப்பந்தை உன்னால் எட்ட முடியாது என்றால் அது மட்டுமே வரும். கீழே அப்படிக் குறிவைத்து அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போடக்கூடியவர்கள் குறைவு.

பிரையன்டின் 43 ஹோம் ரன்னைச் சொன்னாய். ஏஞ்சல்ஸ் அணியின் பிராண்டன் வுட் 2005-இல் மைனர் லீகில் அடித்ததும் அதே 43தான். மேஜர் லீகில் அவருடைய மொத்த சராசரி .186. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் பானையில் அந்தக் கதை செல்லாது.

ஆஸ்டின் பக்கத்தில் ரவுண்ட் ராக் மைதானத்தில் ஒரு நாள் வீட்டுத் தட்டுக்கு (மட்டையாளர் நிற்கும் இடம்) பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வேகமானியும் நோட்டுமாக ஒரு ஸ்கவுட். ஒரு பையன் பெரிய ஹோம் ரன் ஒன்று அடித்தான், எல்லோரும் கத்தினோம். அவர் பேனாவைத் தொடவே இல்லை. அடுத்த முறை இரண்டு ஸ்டிரைக் விழுந்த பிறகு, வெளியே தாழ்ந்து நழுவிய ஸ்லைடரை அதே பையன் மட்டையை அசைக்காமல் விட்டான். அப்போதுதான் எழுதினார்.

*

புலவர் ஐயாவின் ஒரு வரி:

> பதம் பார்த்தல் என்றால் உதைத்தல் என்றும் பொருள் உண்டே. ‘ஸ்கவுட் பையனைப் பதம் பார்த்தார்’ என்று நாளை ஒருவன் எழுதுவான்.

*

ஐயா, சிரித்துவிட்டேன். எழுதுவான்தான். ஆனால் அக்கா சொன்னதற்கு விடையும் இதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஹாலிடேயை அந்த 34 அட்-பேட்டில் மேஜர் லீக் இரண்டு அர்த்தத்திலும் பதம் பார்த்தது. சோதித்ததும் உதைத்ததும் ஒரே வேலை. ஸ்கவுட்டுக்கு மட்டும் ‘பதம் நோக்குநர்’ என்று வைத்து வம்பைத் தவிர்க்கலாம்.

அக்கா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டு விளக்கத்தை மாற்றுகிறேன். ஏறுபதம்: மேல் லீகின் பந்துவீச்சுக்கும் மட்டைக்கும் தாக்குப்பிடிப்பார் என்று கீழ் லீக் ஆட்டத்தைக் கொண்டு ஒருவரைப் பற்றிச் செய்யும் கணிப்பு. ‘நிலை’ என்று முதலில் எழுதியதை எடுத்துவிட்டேன். கணிப்பு என்றால் தவறவும் இடம் இருக்கிறது, யாருடைய கணிப்பு என்று கேட்கவும் இடம் இருக்கிறது.

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். டேவிட் கிளைட் 1973-இல் 18 வயதில் பள்ளி முடித்த மூன்று வாரத்தில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்காக நேரே மேஜர் லீகில் பந்து வீசினார். அரங்கம் நிரம்பி வழிந்தது, ஆட்டத்தையும் ஜெயித்தார். இரண்டு ஆட்டம் ஆடவிட்டு மைனர் லீகுக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. கூட்டம் வந்த பிறகு உரிமையாளருக்கு அனுப்ப மனம் வரவில்லை. 18 வெற்றி, 33 தோல்வியோடு அவருடைய மேஜர் லீக் கணக்கு முடிந்தது. அங்கே பதம் நோக்கியது டிக்கெட் கவுன்டர்.

இப்போதைய நிலவரம்: ஏறுபதம், நாற்றங்கால் இரண்டையும் பட்டியலில் ஏற்றுகிறேன். ‘நாற்று’ என்று ஆட்டக்காரரைச் சொல்வதை ஐயா விரும்பவில்லை, அதனால் அது அடைப்புக்குள் நிற்கும். டிரிபிள் ஏ-யில் வெளுத்து வாங்கி மேலே வந்தால் ஒவ்வொரு முறையும் சுருண்டுவிடுகிறவரை அங்கே கேலியாக ‘நாலு ஏ’ ஆள் என்கிறார்கள். அதற்கு யாராவது சொல் கொடுங்கள். ‘பதம் தப்பியவர்’ வேண்டாம், அது முற்றிப்போனவருக்கு வைத்திருக்கிறேன்.