துளைக்கு நான் கண்டுபிடித்த அர்த்தம்

எந்த உருவத்தையும் அப்படியே காட்டாத அரூபச் சிற்பம் என்றாலே சற்று ஒதுங்கிப் போகிறவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உள்ளூர்ச் சிற்பிகள் சிலர் தங்கள் படைப்புகளைத் திறந்தவெளியில் காட்சிக்கு வைத்திருப்பதாகச் சொல்லி நண்பர் அழைத்தபோது, மாலை நடைக்குப் பதிலாக இருக்கட்டும் என்றுதான் உடன் சென்றேன்.

முதலில் எங்களை நிறுத்தியது ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக எழும்பிய ஓர் எஃகுச் சிற்பம். தடித்த தகடுகள் இரண்டு, ஒன்றையொன்று தழுவ முனைவதுபோல் வளைந்து, நடுவில் கிண்ணம் போன்றதொரு குழிவை உண்டாக்கியிருந்தன. அக்குழிவின் அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. பலகையில் ‘தலைப்பிடப்படாதது’ என்று மட்டுமே எழுதியிருந்தது. (தலைப்பு வைக்காமல் விடுவதைப் பார்வையாளருக்கு அளிக்கும் சுதந்திரம் என்பார்கள், எனக்கென்னவோ பாதி நேரம் அது சோம்பலாகவே படுகிறது.) ஆகவே அர்த்தத்தை நானே தேட வேண்டியதாயிற்று. இருவர் எவ்வளவு நெருங்கினாலும் இடையில் ஏதோ ஒன்று நிறையாமல் கசிந்துகொண்டே இருப்பதைத்தான் அந்தத் துளை உணர்த்துகிறது என்று நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த இளம்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நீங்க சொல்றது நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அது மழைத்தண்ணி வடியறதுக்குப் போட்ட ஓட்டை” என்றார். சிற்பியே அவர்தாம்.

என் முகம் போன போக்கைக் கண்டு இரங்கினாரோ என்னவோ, பொறுமையாக விளக்கினார். அது கார்ட்டென் வகை எஃகு. செம்பு, குரோமியம் போன்றவை சிறிதளவு கலந்த அந்த எஃகு மாறிமாறி நனைந்து காய்ந்து வரும்போது, அதன் மேல் இறுக்கமான துருப்படலம் ஒன்று உருவாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ஆனால் நீர் தேங்கி நிற்கும் இடத்தில் அப்படலம் நிலைபெறாமல், துரு தகட்டைத் தின்றுகொண்டே போகும். துளை இல்லாவிட்டால் அந்தக் குழிவிலிருந்துதான் சிற்பம் அழியத் தொடங்கும். வெண்மையான சிமெண்டுப் பீடத்தில் வழிந்திருந்த பழுப்புக் கறையைக் காட்டி, இதையாவது கழுவியிருக்கலாமே என்றேன். பீடம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியதே அந்தக் கறை தெரிவதற்காகத்தான் என்றார். அர்த்தம் என்று நான் எண்ணியது வேலைப்பாட்டின் தேவையாகவும், பராமரிப்புக் குறை என்று நான் எண்ணியது படைப்பின் பகுதியாகவும் ஆகிவிட்டன.

துளையே படைப்பாக இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போங்கள் என்று ஒரு கருங்கல் சிற்பத்தைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலேயச் சிற்பிகளான பார்பரா ஹெப்வொர்த்தும் ஹென்றி மூரும் 1930-களிலேயே கல்லைக் குடைந்து ஊடுருவும் துளையைச் சிற்பத்தின் உறுப்பாக்கிவிட்டார்கள் என்பதைப் படித்திருந்தேன். படத்தில் அது எனக்கு வெறும் ஓட்டையாகவே தெரிந்திருந்தது. இங்கே, மெருகேற்றிய பக்கம் கரேலென்றும் உளி பட்ட பக்கம் சாம்பல் நிறத்திலும் இருந்த அந்தக் கல்லைச் சுற்றி வந்தபோது, துளைக்குள் முதலில் புல் தெரிந்தது, இரண்டு அடி நகர்ந்ததும் ஒரு கிளை, குனிந்தால் வெறும் வானம். உளித்தடங்களின் மேல் சாய்வெயில் விழுந்து ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நிழல் எழுந்திருந்ததை, உச்சி வெயிலில் வந்திருந்தால் கண்டிருக்கவே மாட்டேன்.

எஞ்சியவற்றில் சில என்னை ஈர்க்கவில்லை. பளபளப்பான எஃகுக் குழாய்களால் ஆன ஒன்றின் முன் ஒரு பெரியவர், “இது என்ன பறவையா?” என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சிற்பி பிரான்குசியின் ‘விண்வெளியில் பறவை’ என்ற அரூபச் சிற்பம் 1926-இல் நியூயார்க் வந்தபோது, அதைக் கலைப்படைப்பாக ஏற்காத சுங்க அதிகாரிகள் சமையல் கருவிகளின் வகையில் சேர்த்து 40 விழுக்காடு வரி கேட்டார்கள். அது கலைதான் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1928 ஆயிற்று.

சில நாள் கழித்து நல்ல மழை பெய்து ஓய்ந்ததும், நண்பரிடம்கூடச் சொல்லாமல் மறுபடி போனேன். குழிவில் இன்னும் கொஞ்சம் நீர் நின்றது. அது நூலாகத் துளைவழியே இறங்கி, பழைய கறையைத் தொட்டு, அதன் ஓரத்தில் புதிதாக ஒரு பழுப்புக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தது. முழுவதும் வடிந்து முடியும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.