லான்சருக்கு மஸ்டாங் சத்தம் வருமா? கனடாவிலிருந்து சைலன்சர் எடுப்பிக்கலாமா?

பரந்தன் லான்சர்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் மிற்சுபிசி லான்சர் ஒன்று நிற்கிறது, 1500 சிசி பெற்றோல், 4ஜி15 எஞ்சின். பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வரத்தான் பெரும்பாலும் ஓடுவது, மாதத்தில் ஒருதடவை வவுனியா. பின் சைலன்சர் அடியில் கறள் பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா 2016 மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறார், காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது போனில் எடுத்து அனுப்புவார், அந்த அடித்தொண்டைச் சத்தம் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஃப்ளோமாஸ்டரோ மேக்னாஃப்ளோவோ ஒரு பிராண்ட் சைலன்சரைப் பார்சலில் போட்டுவிடுகிறேன் என்கிறார், இரண்டரை அங்குல வாயாம். எதை எடுப்பிக்கலாம்? பைப்பைப் பெரிதாக்கினால் இழுவை கூடுமா? புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கழற்றினால் இன்னும் நல்லது என்று இங்கே ஒரு கராஜில் சொன்னார்கள், அது உண்மையா?

வவுனியா கராஜ்:
தம்பி, முதலில் அண்ணாவிடம் பார்சலை நிற்பாட்டச் சொல்லுங்கோ. அந்தச் சத்தம் சைலன்சரில் இருந்து வருவதில்லை, எஞ்சினில் இருந்து வருவது. உங்களுடைய நாலு சிலிண்டரும் அரைச் சுற்றுக்கு ஒருதடவை, ஒரே அளவு இடைவெளியில் வெடிக்கும். மஸ்டாங் ஜிடியின் வி8 இல் எட்டு சிலிண்டரையும் சேர்த்துப் பார்த்தால் சீராகத்தான் வெடிக்கின்றன, ஆனால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு அமைந்திருக்கும் விதத்தால் ஒரு பக்கத்து நாலை மட்டும் எடுத்துப் பார்த்தால் இடைவெளி 90, 180, 270, 180 பாகை என்று ஏறி இறங்கும், இரண்டு அடி கிட்டக் கிட்ட விழும், பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அந்த ஒழுங்கில்லாத தாளம்தான் உங்கள் காதைப் பிடித்து வைத்திருக்கிறது. எந்தச் சைலன்சரும் நாலை எட்டாக்காது.

இரண்டரை அங்குலம் உங்கள் எஞ்சினுக்கு வேண்டவே வேண்டாம். நூறு குதிரைவலுவைச் சுற்றி நிற்கிற எஞ்சினுக்கு ஒன்றே முக்கால், மிஞ்சிப்போனால் இரண்டு அங்குலம். பைப் அளவுக்கு மேல் அகன்றால் புகையின் வேகம் விழும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும் கீழ்ச்சுற்றில் இழுவை சோர்ந்துபோகும், நீங்கள் ரவுனுக்குள் ஓடுகிறபோது எஞ்சின் சுற்றுவதே அந்தக் கீழ்ச்சுற்றில்தான். கொன்வேட்டரைக் கழற்றச் சொன்னவரிடம் திரும்பப் போகாதேங்கோ. உள்ளே பிளாட்டினம், பலேடியம், றோடியம் இருக்கிறது, கழற்றியதை விற்றால் காசு, அந்தக் காசு யாருக்குப் போகும் என்று யோசியுங்கோ. வருடாந்த லைசன்ஸ் எடுக்கப் புகைச் சோதனைக்குப் போய் நிற்கப்போவதும் நீங்கள்தான், அவர் இல்லை.

இன்னொன்று. போன கிழமை இதேபோல ஓட்டை விழுந்த ஒன்றைக் கிரைண்டரால் வெட்டித் திறந்தேன். வெளியே கறுப்புப் பெயின்ற் புதுசாட்டம் மினுங்குகிறது, உள்ளே அடித்தட்டு பிஸ்கட் மாதிரி உதிர்ந்துபோய்க் கிடந்தது, ஒரு கரண்டி கறள் தண்ணீரும் தேங்கி நின்றது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. தூர ஓட்டமென்றால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அது ஆவியாகப் போய்விடும். பரந்தன்–கிளிநொச்சி மாதிரிக் கிட்ட ஓட்டத்தில் சூடேற முதல் வண்டியை நிற்பாட்டிவிடுகிறீர்கள், தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கிறது. உங்களுடையதும் அப்படித்தான் போயிருக்கும். அதனால் உங்களுக்குப் பிராண்டை விட இரும்புதான் முக்கியம், 304 ரக ஸ்ரெயின்லெஸ்ஸில் செய்விக்கப் பாருங்கோ. காந்தம் வைத்தால் 409 ரகத்தில் ஒட்டும், 304 இல் ஒட்டாது. ஆனால் கேற்றுக்கும் படிக் கைபிடிக்கும் போடும் மலிவு ஸ்ரெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டாது, எனவே காந்தத்தை மட்டும் நம்பாமல் பைப்பில் அடித்திருக்கும் எழுத்தையும் பாருங்கோ.

மல்லாவி–ஸ்காபரோ:
நானும் இங்கே மஸ்டாங் ஜிடி ஓடுகிறவன், 5 லீற்றர் வி8, 435 குதிரைவலு. உங்கள் அண்ணாவும் மாற்ற நினைத்தால் அவருக்கும் இது உதவும் என்று எழுதுகிறேன்.

நான் முதலில் போட்டது கொன்வேட்டருக்குப் பின்னாலுள்ள முழுப் பைப்பையும் மாற்றுகிற செற், நேர்த்துளைச் சைலன்சர், நடுவில் இரைச்சலை அடக்கும் றெசொனேற்றர் இல்லை. வெளியே நின்று கேட்டால் சொர்க்கம்தான். 401 நெடுஞ்சாலையில் ஏறி நிமிடத்துக்கு 1800, 2000 சுற்றில் ஒரே வேகத்தில் பிடித்தால் காருக்குள் ஒரு 'ம்ம்ம்' தொடங்கும், காதுக்குக் கேட்கிறதை விட நெஞ்சுக்குள் இருந்து அதிர்கிறமாதிரி, பின்சீற்றில் பிள்ளை நித்திரை கொள்ள மாட்டாது. 2000 சுற்றில் வி8 செக்கனுக்கு ஏறக்குறைய 133 தடவை வெடிக்கிறது, அந்த அதிர்வும் கார்க்கூட்டின் அதிர்வும் ஒன்றுசேர்ந்தால் அப்படித்தான் இரையும். மூன்று மாதத்தில் கழற்றி, பழைய நடுப்பைப்பையும் றெசொனேற்றரையும் திரும்பப் போட்டு, பின் அச்சுக்குப் பின்னாலுள்ள சைலன்சர்களை மட்டும் மாற்றினேன். இப்போது ஸ்ரார்ட்டில் முழங்கும், ஓட்டத்தில் அடங்கும். முதலே இதைத்தான் செய்திருக்கவேண்டும், விலையும் பாதி.

பொதுவாக அறை பிரித்த சைலன்சர், ஃப்ளோமாஸ்டர் பெயரெடுத்தது அதில்தான், அது பழைய முரட்டுச் சத்தம் தரும். மேக்னாஃப்ளோ, போர்லா மாதிரி துளைப்பைப்பைச் சுற்றிப் பஞ்சு அடைத்த நேர்த்துளை வகை கொஞ்சம் மிருதுவாக இருக்கும். இரண்டு பைப்பையும் எச் வடிவில் இணைத்தால் சத்தம் தடிக்கும், எக்ஸ் வடிவில் இணைத்தால் கூர்மையாகும். ஆனால் போன் வீடியோவில் கேட்டு எதையும் வாங்காதேங்கோ, மைக் இருப்பது வெளியே, நீங்கள் இருப்பது உள்ளே.

கனகராயன்குளம்:
எனக்கு எஞ்சின் வேலை தெரியாது, எங்கள் வீடு ஏ9 றோட்டுக் கரையில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இரவு பதினொரு மணிக்குச் சைலன்சர் வெட்டின வண்டி ஒன்று வேகத்தைக் குறைக்கும்போது பின்னால் 'டமார்' என்று வெடித்தால் எங்கள் அம்மா இன்றைக்கும் எழும்பி உட்கார்ந்துவிடுவா, பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படியான வீடு ஒன்றிரண்டு இல்லை. நல்ல சத்தம் பிடிக்கும் என்பது விளங்குகிறது தம்பி, ஆனால் அது உங்கள் காருக்குள்ளேயே நிற்கட்டும்.

அதோடு அறுவடைக் காலத்தில் றோட்டில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்டிருக்கும். பைப் தாழ்வாகத் தொங்கினால் வைக்கோல் சிக்கிச் சூட்டில் பற்றிக்கொள்ளும். ஒருநாள் எங்கள் படலைக்கு முன்னால் ஒரு வான் அப்படிப் புகைந்து, நாங்கள் வாளியோடு ஓடினோம்.

பரந்தன் லான்சர்:
அக்கா சொன்னது மனதில் தைத்துவிட்டது, எங்கள் வீட்டிலும் அம்மம்மா இருக்கிறா. பார்சல் வேண்டாம் என்று அண்ணாவுக்குச் சொல்லிவிட்டேன், மல்லாவி அண்ணை எழுதியதையும் அனுப்பினேன், அவரும் றெசொனேற்றரைக் கழற்றுகிற யோசனையில்தான் இருந்தாராம். சரி, வவுனியா அண்ணை, அப்படியென்றால் ஒன்றே முக்கால் அங்குலத்தில், கொன்வேட்டரும் நடு றெசொனேற்றரும் இருந்தபடி இருக்க, பின் சைலன்சரை மட்டும் 304 இல் செய்யலாமா? கொஞ்சமாவது தடித்த சத்தம் வருமா? எங்கள் ஒழுங்கை கிரவல், ஏற்கனவே அடி தட்டுகிறது.

வவுனியா கராஜ்:
செய்யலாம். நீளமான உடம்புள்ள நேர்த்துளைச் சைலன்சராகப் போட்டால் சத்தம் கொஞ்சம் தடிக்கும், கத்தாது. பழையது தொங்கிய உயரத்துக்குக் கீழே ஒரு விரல்கூட இறங்கவிடாதேங்கோ, தொங்கு றப்பர்களையும் புதிதாகப் போடுங்கோ, பழைய றப்பர் இழுபட்டுத்தான் பாதி வண்டிகளுக்கு அடி தட்டுகிறது. எங்கே செய்வித்தாலும் வெல்டிங் தொடங்க முதல் பற்றறி வயரைக் கழற்றச் சொல்லுங்கோ, எர்த்தை ஒட்டுகிற இடத்துக்குக் கிட்டவே பிடிக்கச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் கொம்பியூட்டர் பெட்டிக்கு ஆபத்து. வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கோ. வண்டியை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் கொன்வேட்டர் இருந்த இடத்தில் வெறும் பைப் இருக்கும்.